அரிசி டின்னில் ரோமாபுரிக்காரி

இன்று காலை ஸ்டுடியோவின் ஷட்டரைத் தூக்கியதும் உள்ளேயிருந்து மலைவாழைப் பழ வாசனை வந்தது. உன் மகள் மல்லிகா பாச்சலூரிலிருந்து பஸ்ஸில் கொடுத்தனுப்பிய தார், லேமினேஷன் மெஷின் பக்கத்துக் கதகதப்பில் பழுத்துவிட்டிருந்தது. வெளியே கோடைக்கானலின் பனி, உள்ளே உன் தோட்டத்து வாசனை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. நீ இல்லாமல் வந்த முதல் தார் இது.

வாடிக்கையாளர் வருவதற்குள் உனக்கு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை. கடந்த இரண்டு மாதமாக எனக்கு உன்னைப் பற்றி ஒரே குழப்பம். நீ இருந்திருந்தால், "கலங்கின தண்ணியை ஆட்டாம வையிடி, தானா தெளியும்" என்று சொல்லியிருப்பாய். ஆட்டாமல்தான் வைத்திருந்தேன். தெளியவில்லை.

ஐம்பது வருடத்துப் பழக்கம் நமக்கு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து உங்கள் குடும்பம் இங்கே வந்து இறங்கியபோது நமக்குப் பத்து வயது. வகுப்பில் என் பக்கத்தில் உன்னை உட்கார வைத்தார்கள். முதல் நாளே நீ "தேத்தண்ணி" என்று சொன்னதைக் கேட்டு எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீ என்னை மட்டும் திரும்பிப் பார்த்து, "உங்கட ஊர்ல அதுக்கு என்ன பேர்?" என்று கேட்டாய். "டீ" என்றேன். "அது இங்கிலீசு" என்றாய். அதற்கப்புறம் நான் உன்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. உன்னோடு சேர்ந்துதான் சிரித்திருக்கிறேன்.

அப்புறம் நீ கல்யாணமாகிப் பாச்சலூர் போனாய். நான் என்னைப் பெற்ற அத்தாவின் ஸ்டுடியோவில் உட்கார்ந்தேன். வாழையும் மிளகும் காப்பியுமாக உன் நாட்கள், பாஸ்போர்ட் போட்டோவும் கல்யாண ஆல்பமுமாக என் நாட்கள். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை நீ மலையேறி வருவாய். வரும்போதெல்லாம் ஒரு சீப்புப் பழம்.

நாலு வருடத்துக்கு முன்னால் சித்திரையில் வந்தாயே, அந்த வருகையைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். சீப்பை மேஜைமேல் வைத்துவிட்டு, நடுப்பழத்துக்குப் பின்னாலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தாய். உள்ளே ஒரு வெள்ளிக் காசு. பழைய நாலணா அளவுதான் இருக்கும், ஆனால் தடிமன்.

"கன்னு வைக்கக் குழி வெட்டுனேன்டி. கடப்பாரை முனையில கெடக்கு. நல்லாப் பெருசாப் படம் புடிச்சுக் காட்டு. என் கண்ணுக்கு ஒன்னும் விளங்கல."

பூக்களையும் பூச்சிகளையும் எடுக்க நான் வாங்கிய லென்ஸ் அன்றைக்குத்தான் உருப்படியான வேலை பார்த்தது. கம்ப்யூட்டர் திரையில் காசு ஒரு தட்டு அளவுக்குப் பெரிதானது. ஒரு பக்கம் இலைக் கிரீடம் வைத்த ஆணின் தலை. மறுபக்கம் ஒரு பெண் நிற்கிறாள். இடது கையில் வளைந்த பெரிய கொம்பு ஒன்றை அணைத்திருக்கிறாள். கொம்பின் வாயிலிருந்து என்னவோ பழங்கள் பொங்கி வழிகின்றன. வலது கையில் கதிர்கள். காலடியில் மரக்கால் மாதிரி ஒரு பாத்திரம், அதிலும் கதிர்கள் நிமிர்ந்து நிற்கின்றன. அவளுக்குப் பின்னால் கப்பலின் முகப்பு.

நீ கொம்பைத்தான் முதலில் பார்த்தாய். பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை.

"இதென்னடி அநியாயம்! நம்ம பக்கம் கொம்பு உள்ளது வந்தா இருக்கிற பழமெல்லாம் போயிரும். இவளுக்குக் கொம்புக்குள்ள இருந்து பழம் கொட்டுது பாரு!"

அந்த வாரம்தான் காட்டுமாடுகள் கூட்டமாக வந்து உன் தோட்டத்தில் நூறு வாழையை மிதித்துப் போட்டிருந்தன. அதை நீ சிரித்து முடித்த பிறகுதான் சொன்னாய். உனக்கு எது முதலில் வரும், அழுகையா சிரிப்பா என்று என்னால் எப்போதுமே கணிக்க முடிந்ததில்லை.

பாத்திரத்தைப் பார்த்ததும் உன் சிரிப்பு நின்றது. திரையில் விரலை வைத்து, "இது கொத்து" என்றாய். தோட்டத்துக் கடையில் உங்களுக்கு அரிசி அளந்து போடும் படிக்கு அதுதான் பெயர் என்று சொன்னாய்.

தன் சேகரிப்புகளைப் படம் எடுக்க என்னிடம் வரும் திண்டுக்கல் சாரைப் போனில் கூப்பிட்டேன். பழைய காசுகளைப் பற்றி அவருக்குத் தெரியாதது குறைவு. படத்தை அனுப்பியதும் அவரே திரும்பக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"ரோமாபுரிக் காசும்மா. மிளகு வாங்க வந்த காசு. அந்தப் பொம்பளை தானியத்துக்கான தேவதை. கொம்பு, கதிர், மரக்கால் எல்லாமே வளத்துக்கு அடையாளம். கப்பல் எதுக்குன்னா, அவங்க ஊருக்குத் தானியம் கடல் தாண்டித்தான் வரணும்."

நீ போனை நோக்கிக் குனிந்தாய். "ஒன்னு கேக்கட்டுங்களா? சோறு நெறைய இருந்த காலத்துல அடிச்சதுங்களா, இல்லாத காலத்துலயா?"

"நல்ல கேள்விங்க" என்றார் அவர். "கப்பல் வரத் தாமதமானா ஊரு கொந்தளிக்கும். ராஜாவுக்கே ஆபத்து. அதனால 'பயப்படாதீங்க, தானியம் வந்துக்கிட்டிருக்கு'ன்னு ஜனங்களுக்குச் சொல்றதுக்காகவும் இப்படி அடிச்சிருக்காங்க. எல்லாக் காசும் அப்படின்னு சொல்ல முடியாது. இது எந்த வகைன்னு எனக்குத் தெரியல."

போனை வைத்த பிறகு நீ சொன்னாய்: "வயிறு நெறைஞ்சவன் சோத்தைப் படமாப் போட மாட்டான்டி. இது இல்லாத காலத்துக் காசுதான்."

அன்றைக்குத்தான் உன் தங்கச்சியைப் பற்றி எனக்குத் தெரிய வந்தது. அதுவரை நீ ஒற்றைப் பிள்ளை என்றே நினைத்திருந்தேன்.

இங்கே வருவதற்கு இரண்டு வருடம் முன்னால் தோட்டத்தில் அரிசி இல்லாமல் போனது, தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் வரிசையாக அடுப்புகள் எரியாமல் கிடந்தது, உன் அம்மா தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்து காட்டுக்கீரையை அவித்தது, எல்லாவற்றையும் நீ தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். உங்கள் அறைச் சுவரில் அன்னபூரணி படம் போட்ட காலண்டர் ஒன்று தொங்கியதாம். "படத்துல கரண்டி, அடுப்புல சாம்பல்" என்றாய். பாப்பாவுக்கு மூன்று வயது. வெறும் கொத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அதற்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டே இருப்பாளாம். அடியில் ஒரு மணியாவது ஒட்டியிருக்கும் என்ற நினைப்பு. பிறகு வயிற்றோட்டம் வந்தது. மூன்றே நாள்.

"அம்மா அந்தக் காலண்டரைக் கிழிச்சு அடுப்புல போட்டுச்சு. நான் எந்த வீட்டுலயும் அந்தப் படம் மாட்டுனதில்ல. பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. உன் வீட்டுச் சுவரில் முருகன் மட்டும்தான் இருப்பார். அதற்கு இப்படி ஒரு காரணம் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதேயில்லை.

எதைச் சொல்லி உன்னைத் தேற்றுவது என்று தெரியாமல், நான் சட்டத்தைப் பேசினேன். மண்ணுக்குள் கிடைத்தது அரசாங்கத்துக்குச் சொந்தம், ஒப்படைக்காவிட்டால் குற்றம் என்றேன். நீ கோபித்துக்கொள்ளவில்லை. "வெள்ளனே போயிக் குடுத்துட்டு வந்துருவோம், எனக்குத் தோட்டத்துல சோலி கெடக்கு" என்றாய். கூடவே, "போட்டோ ரெண்டு போடு. ஒன்னு ஆபீசுக்கு, ஒன்னு எனக்கு" என்றாய். மறுநாள் தாலுகா அலுவலகத்துக்கு உன்னோடு நானும் வந்தேன். அதிகாரி காசை உறையில் போட்டு ஒட்டியதையும், ரசீது எழுதிக் கொடுத்ததையும் என் கண்ணால் பார்த்தேன். திரும்பி வரும்போது நீ சொன்னாய்: "நம்ம மிளகு அங்க போச்சு. அவுகட சோத்துப் படம் இங்க வந்துச்சு. நல்ல யாவாரம்!"

அத்தோடு அந்தக் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஐந்து மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம் மல்லிகா போன் செய்தாள். உனக்கு நெஞ்சு வலி வந்து ஜீப்பில் ஒட்டன்சத்திரத்துக்கு இறக்கிக்கொண்டு போனார்களாம். பாதி மலையிலேயே போய்விட்டாய். நான் வந்து சேர்ந்தபோது உன்னை எடுப்பதற்குத் தயாராக இருந்தார்கள். உன் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அதற்கு மூன்று மாதம் கழித்து மல்லிகா கடைக்கு வந்தாள். "பெரியம்மா, அரிசி டின்னைக் கழுவலாம்னு கொட்டுனேன். அடியில இது கெடந்துச்சு" என்று உள்ளங்கையை விரித்தாள்.

வெள்ளிக் காசு. நிற்கும் பெண். கையில் கொம்பு.

ஒப்படைத்தது உறைக்குள் போனதை நான்தானே பார்த்தேன்! அப்படியானால் இது இன்னொன்று. குழியில் ஒன்றல்ல, பல கிடைத்திருக்கிறது. ஒன்றை மட்டும் என் கண் முன்னால் கொடுத்துவிட்டு மிச்சத்தை நீ வைத்துக்கொண்டிருக்கிறாய். அதற்கு என்னையே சாட்சியாக நிறுத்தியிருக்கிறாய்.

"உங்கம்மா வேற எதுவும் வச்சிருந்தாளா?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாதே பெரியம்மா. இதையே இப்பத்தான் பாக்குறேன். அம்மாதான் தெனமும் அரிசி அளக்கும். எங்களை விடாது."

என் கேள்வியின் தொனி அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் சுருங்கியது. காசை என் மேஜையில் வைத்துவிட்டு, டீகூடக் குடிக்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

பதினோரு நாள் அது என் இழுப்பறையில் கிடந்தது. லென்ஸ் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வேன்? பார்த்துவிட்டால் நீ பொய் சொன்னது உறுதியாகிவிடும் என்ற பயமா? அல்லது உன்மேல் கோபமாக இருப்பது, உன்னை நினைத்து அழுவதைவிட எனக்குச் சுலபமாக இருந்ததா? தொழுகைக்கு உட்கார்ந்தால் உன் ஞாபகம். எழுந்தால் அந்தக் காசின் ஞாபகம். காட்டுமாடு மிதித்த வருடம் நீ எந்தப் பணத்தில் சமாளித்தாய், மல்லிகாவின் கல்யாணத்தை எப்படி நடத்தினாய் என்றெல்லாம் நினைப்பு ஓடியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஐம்பது வருடத்துச் சிநேகிதியைப் பதினோரு நாளில் திருடியாக்கிவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் மல்லிகாவைக் கூப்பிட்டேன். "ஒப்படைச்சிருவோம். எங்க கெடந்துச்சோ அதை அப்படியே சொல்லுவோம்" என்றேன்.

"அம்மாவைத் திருடின்னு எழுதிருவாங்களா பெரியம்மா?"

"நான் கூட இருக்கேன்" என்று மட்டும் சொன்னேன். அது எந்த விதத்தில் உதவும் என்று எனக்கே தெரியவில்லை.

அதே தாலுகா அலுவலகம். நாற்காலியில் வேறு ஒருவர், இளவயதுப் பெண். மல்லிகாதான் பேசினாள். அரிசி டின், அடியில் காசு, அம்மா இறந்துவிட்டாள். ஒன்றையும் மறைக்கவில்லை. அதிகாரி பழைய கோப்பை எடுத்துவரச் சொல்லி, நான் எடுத்த போட்டோவைக் காசுக்குப் பக்கத்தில் வைத்து, பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து சிரித்தார்.

"இது பழசு இல்லம்மா. யாரோ உங்க போட்டோவைப் பாத்துச் செஞ்சிருக்காங்க. பழனியில சாமிக்கு நேந்து போடுற வெள்ளி உரு அடிக்கிறாங்கல்ல, அந்த மாதிரிப் பட்டறை வேலை. கொம்புல பாருங்க, வாழைச் சீப்பு! எந்த ரோமாபுரியில வாழைச் சீப்பு போட்டான்?"

காசை எங்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். படியிறங்கும்போது மல்லிகா என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். எனக்கு அழுகைகூட வரவில்லை. நீ திருடவில்லை. சரி. ஆனால் சோற்றைப் படமாகப் போடுகிறவர்களைக் கேலி செய்த நீ, அன்னபூரணியையே வீட்டுக்குள் விடாத நீ, எதற்காக அப்படி ஒரு படத்தை வெள்ளியில் செய்யச் சொன்னாய்? அதை அரிசிக்குள் எதற்குப் புதைத்தாய்?

அங்கிருந்தே பழனிக்குப் பஸ் ஏறினோம். வாழைத்தார் இறக்கப் போகும்போதெல்லாம் அடிவாரத்தில் ஒரு வெள்ளிப் பட்டறையில் நீ உட்கார்ந்து பேசிவிட்டு வருவாய் என்று மல்லிகாவுக்கு ஞாபகம் இருந்தது. மூன்றாவது கடையில் ஆள் கிடைத்தார். கை, கால், கண் என்று நேர்த்திக்கடன் தகடுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவர், காசைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"அக்கா வரலீங்களா?"

மல்லிகா சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"போட்டோவைக் கொண்டாந்து இதே மாதிரி வேணும்னாங்க. அச்சு வெட்டவே ரெண்டு மாசம் ஆச்சு. தேஞ்ச எடமெல்லாம் என்னன்னு எனக்கு வெளங்கல. கொம்புல என்ன பழம்னு கேட்டேன். 'மலைவாழை போடுங்க, நமக்கு அதுதான்'னாங்க. அப்பறம் இந்தப் படி இருக்கில்லீங்களா, இதுல இருக்கிற கதிரை எடுத்துரச் சொன்னாங்க. பக்கத்துல ஒரு பொம்பளப் பிள்ளை உக்காந்து, உள்ள கைய விட்டிருக்கணும்னாங்க."

பட்டறையிலிருந்த பூதக்கண்ணாடியை வாங்கி வைத்துப் பார்த்தேன். தாலுகா அதிகாரியும் கொம்பைப் பார்த்ததோடு நிறுத்திவிட்டிருந்தார், இதைப் பார்க்கவில்லை. கொம்பேந்தியவளின் காலடியில், எறும்பளவுக்கு, சம்மணம் போட்டு ஒரு குழந்தை. மடியில் கொத்து. ஒரு கை முழங்கை வரைக்கும் அதற்குள்ளே.

"கைய எடுக்குற மாதிரி வைக்கட்டுமான்னு கேட்டேங்க. எடுத்தா அதுல எதாச்சும் இருக்கணுமா, வெறுங்கையான்னு கேட்டேன். அக்கா ரொம்ப நேரம் ஒன்னும் பேசல. வெரசாச் சொல்லுங்க, ஆளு நிக்கிதுன்னேன். அப்பத்தான், 'கை உள்ளயே இருக்கட்டும்'னாங்க."

எனக்கு இன்னமும் புரியவில்லை. பாப்பாவை அரிசிக்குள் வைத்தாயா, இனி அவளுக்குக் குறையக்கூடாது என்று? ஒவ்வொரு நாளும் அரிசி அளக்கும்போது உன் கை அவளைத் தொட்டுவிட்டு வரட்டும் என்றா? அல்லது அந்த ரோமாபுரிக்காரர்களைப் போலவே உனக்கும் ஒரு பயம் இருந்ததா, நிறைந்த டின்னைப் பார்த்தாலும் அடங்காத பயம்? என்னிடமாவது சொல்லியிருக்கலாம். என்னிடம் சொன்னால் நான் மறுபடியும் சட்டம் பேசுவேன் என்று நினைத்தாயோ என்னவோ. பேசியிருப்பேன்தான்.

பழனி பஸ் நிலையத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். பஞ்சாமிர்த டப்பாக்களோடு ஜனங்கள் எங்களைச் சுற்றிப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். மல்லிகா கேட்டாள்:

"அந்தப் பிள்ளை யாரு பெரியம்மா?"

"உன் சித்தி" என்றேன்.

அவள் என்னை வெறித்துப் பார்த்தாள். "எனக்குச் சித்தியா? அம்மா ஒருநாளும் சொன்னதில்லையே!"

நீ எனக்குச் சொன்ன அவ்வளவையும் அவளுக்குச் சொன்னேன். தோட்டம், எரியாத அடுப்புகள், காலண்டர், வெறும் கொத்து, மூன்று நாள். உன் மகளிடம் நீ ஒளித்து வைத்ததைச் சொல்ல எனக்கு உரிமை உண்டா என்று தெரியாமலே சொன்னேன். அவள் காசை உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலால் அந்தக் குழந்தை இருக்கும் இடத்தை மெதுவாகத் தடவிக்கொண்டே கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"சித்தி பேரு என்ன?"

அன்றைக்கு நீ பாப்பா, பாப்பா என்றுதான் சொன்னாய். நான் பெயரைக் கேட்கவில்லை. செத்துப்போன குழந்தையின் பெயரைக் கேட்காமல், புதையல் சட்டத்தை எடுத்துச் சொன்னேன். உன் அம்மா இல்லை, அப்பா இல்லை, அந்த லயத்து ஆட்கள் எந்தெந்த ஊரில் சிதறிக் கிடக்கிறார்களோ தெரியாது. நீயும் இல்லை.

"தெரியலம்மா" என்றேன்.

"பரவால்ல பெரியம்மா" என்றாள் மல்லிகா. எனக்கு ஆறுதல் சொல்கிற நிலைமைக்கு உன் மகளைக் கொண்டுவந்துவிட்டேன். "சித்தின்னே கூப்பிட்டுக்கிறேன்." பாச்சலூர் பக்கம் போகிற பஸ் வந்தது. அவள் காசை முந்தானையில் முடிந்துகொண்டு ஏறிப் போய்விட்டாள்.

நான் கோடைக்கானல் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஒவ்வொரு வளைவிலும், உங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இருக்கக்கூடிய பெயர்களாக எனக்குத் தெரிந்ததையெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். ராமாயி, காமாட்சி, புஷ்பம், தெய்வானை. இப்போதும் கடையில் ஆள் இல்லாத நேரங்களில் சொல்லிப் பார்க்கிறேன். எந்தப் பெயருக்கும் நீ தலையாட்டவில்லை.